தோட்டத்து ரோட்டில் சக்கர நாற்காலி: எங்கே போகலாம், எதைப் பார்க்க வேண்டும்?

தேயிலைச்சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பக்கவாதத்தால இடது கையும் இடது காலும் பலவீனம். எடை 65 கிலோ. நாற்காலி சாதாரண மடக்கு வகை: இரும்புச் சட்டம், 18 கிலோ, பின்னால 24 இஞ்சி சக்கரம், முன்னால 8 இஞ்சி சின்னச் சக்கரம். தள்ள ரெண்டு பேர் இருக்கோம், வான் இருக்கு. வானுக்குள்ள இருந்து பாக்கிறது வேணாம். பச்சைக்கு நடுவில ஒரு மணி நேரமாவது வெளியில போய் வரணும்.

மூணு விஷயம் தெரியணும். நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல, கண்டி பக்கம் எந்த இடம் சரிப்படும்? எவ்வளவு ஏத்தம் வரைக்கும் தள்ளலாம்? மூணாவது, எங்க தோட்டத்து டிவிஷன்ல லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) மேல தேயிலைக்குள்ள 600 மீட்டர் ரோடு கிட்டத்தட்ட மட்டமாப் போகுது. குறுக்க நாலு கான் (தண்ணி ஓடுற வடிகால்) இருக்கு, ஒரு இடத்தில 10 மீட்டருக்குக் கடுமையான ஏத்தம். பொடியன்கள் சேர்ந்து அதைச் சரி பண்ண முடியுமா?

சாய்மட்டம்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அது தெரியாமல் இடம் தேடுவது வீண்.

ஒரு பாதையின் சராசரிச் சரிவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதிலுள்ள மிக மோசமான ஒரு மீட்டரைப் பாருங்கள். 2 கிலோமீட்டர் மட்டமாகப் போய், நடுவில் ஒரு திறந்த கான் இருந்தால் உங்கள் பாதை அந்தக் கானோடு முடிந்தது. "மட்டமான ரோடுதான்" என்று ஊரார் சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். அவர்கள் பொய் சொல்வதில்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறிப் பழகிய கால்களுக்கு 1:12 ஏற்றம் ஏற்றமாகவே தெரியாது. 1:12 என்றால் 12 அடி போக 1 அடி உயர்வது. நாற்காலியை வானிலிருந்து இறக்குமுன் ஒருவர் போய் அளந்துவிட்டு வரவேண்டும்.

அளப்பதற்கு 120 செ.மீ. நீளமான நேர்ப் பலகை ஒன்றும் மேசன்மார் வைத்திருக்கும் லெவலும் போதும். பலகையை ஏற்றத்தின் போக்கில் தரையில் வைத்து, பள்ளப் பக்கத்து நுனியை லெவலின் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுநாடாவால் பாருங்கள். 6 செ.மீ. என்றால் 1:20. 10 செ.மீ. என்றால் 1:12. 12 என்றால் 1:10. 15 என்றால் 1:8. கைப்பேசியில் கோணம் காட்டும் செயலி இருந்தால் அவை முறையே 2.9, 4.8, 5.7, 7.1 பாகை. ஆனால் கைப்பேசியை வெறுந்தரையில் வைக்காதீர்கள். அது ஒரு கல்லின் சரிவைக் காட்டும், ரோட்டின் சரிவைக் காட்டாது. பலகையின் மேல் வையுங்கள்.

இனி அந்த எண்கள் கையில் எப்படி உணரப்படும் என்பது. அம்மா 65, நாற்காலி 18, பை, போர்வை, பிளாஸ்க் எல்லாம் 7 என்று வைத்தால் மொத்தம் 90 கிலோ. 1:20 ஏற்றத்தில் அதைத் தாங்கிப் பிடிக்கவே நாலரைக் கிலோ விசை வேண்டும். 1:12 இல் ஏழரை. 1:8 இல் பதினொன்றுக்கு மேல். 1:6 இல் பதினைந்து. இது வெறும் சரிவுக்கு மட்டும். உருளும் தடை தனி. தார் ரோட்டில் அது சிறிதளவுதான், தளர்ந்த கிரவலில் (சரளையில்) இன்னும் ஐந்தாறு கிலோவாவது கூடும். ஏறும்போது மூச்சு வாங்கினால் நிற்கலாம். இறங்கும்போது அதே விசை உங்களை இழுக்கும், கால் வழுக்கினால் விடவும் முடியாது. ஆகவே எல்லையை ஏற்றத்தை வைத்து வகுக்காமல் இறக்கத்தை வைத்து வகுங்கள்.

காட்டுப் பாதைகளுக்கு அமெரிக்க வனத்துறை பின்பற்றும் அளவுகள் நம் மலைக்கும் நன்றாகப் பொருந்தும். 1:20 வரை எவ்வளவு தூரமும் போகலாம். 1:12 என்றால் 60 மீட்டருக்குள் ஒரு மட்டமான ஓய்விடம் வேண்டும். 1:10 என்றால் 9 மீட்டர்தான். 1:8 என்றால் 3 மீட்டர். அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம். பாதையின் தெளிவான அகலம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது; 300 மீட்டருக்கு ஒரு முறையாவது நாற்காலியைத் திருப்பவும் விலகி நிற்கவும் ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது பக்கச் சரிவு. தண்ணீர் ஓடுவதற்காகத் தோட்டத்து ரோடுகளை ஒரு பக்கம் சாய்த்தே வெட்டியிருப்பார்கள். நாற்காலி எப்போதும் பள்ளப் பக்கம் இழுக்கும். தள்ளுகிறவர் ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்தபடி போக வேண்டியிருக்கும், அரை மணியில் மணிக்கட்டு விட்டுப்போகும். பலகையைக் குறுக்கே வைத்து அளந்து பாருங்கள். 2.4 செ.மீ. வந்தால் நல்ல ரோடு, 6 செ.மீ. வரை சமாளிக்கலாம். அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம் என்பதால் உடம்பும் இடப்பக்கமே சாயும். ரோடும் இடப்பக்கம் சரிந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இடுப்பு பெல்ட் கட்டாயம். இடது விலாவுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு தலையணை செருகுங்கள்.

இறக்க முறையையும் சொல்லிவிடுகிறேன். 1:12 ஐ விடச் செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியை மேட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பி, தள்ளுகிறவர் கீழே நின்று, பின்னோக்கி மெல்ல இறங்க வேண்டும். முன்னோக்கி இறக்கினால் முன் சக்கரம் ஒரு கல்லில் முட்டியதும் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். இரண்டாமவர் மேட்டுப் பக்கம், நாற்காலியின் முன்சட்டத்தில் கட்டிய 3 மீட்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரட்டும். கயிற்றைக் கால்மிதியில் கட்டக் கூடாது, அது கழன்று வரும் பாகம். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

பையை முதுகுப் பிடியில் தொங்கவிடுவதுதான் நாற்காலி பின்பக்கம் கவிழ்வதற்கு அதிகம் காணும் காரணம். ஏற்றத்தில் பாரம் பின்னால் போகும்போது 5 கிலோ பையும் போதும். இருக்கைக்குக் கீழே கட்டுங்கள்.

மலைச்சில்லு:

இடங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

எந்தச் சிரமமும் இல்லாமல் தொடங்க வேண்டுமானால் பேராதனைத் தாவரவியல் பூங்காதான். 147 ஏக்கர், மகாவலி வளைந்தோடும் மட்டமான நிலம், உள்ளே வாகனம் ஓடக்கூடிய தார் ரோடுகள். பனைமர வரிசைகளையும் ஆற்றங்கரைப் பக்கத்தையும் சேர்த்து ஒரு சுற்று வந்தால் உங்கள் ஒரு மணி நேரம் தாராளமாக நிறையும். தொங்குபாலத்தை மட்டும் விட்டுவிடுங்கள். புல்லில் இறக்காதீர்கள், மழை பெய்த மறுநாள் முன் சக்கரம் புதைந்துவிடும்.

நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா. சமநிலம், நகரத்தின் நடுவில் இருந்தாலும் மரநிழல் உண்டு, வெளிநாட்டுப் பறவைகள் வலசை வரும் மாதங்களில் பறவை பார்க்கிறவர்கள் தேடி வரும் இடம். கிரகரி ஏரி 1873 இல் வெட்டப்பட்டது. பூங்காவாக்கிய கரைப்பகுதியில் கல் பதித்த நடைபாதை இருக்கிறது. பதித்த கற்களுக்கு இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்த இடங்களில் மெதுவாகப் போங்கள். ஏப்ரல் சீசனில் இரண்டு இடத்துக்கும் போகவேண்டாம், கூட்டத்தில் நாற்காலி நகராது. பெப்ரவரி, மார்ச் காலை வேளைகள் நல்லவை.

ஹக்கல பூங்கா அழகானது. ஆனால் மலையடிவாரத்தில் அடுக்கடுக்காக அமைந்தது. மேலே போகப் போகப் படிகள். நுழைவாயிலை ஒட்டிய பகுதியோடு நிறுத்திக்கொள்ளும் மனமிருந்தால் போகலாம். சீதா எலியவில் கோயில் ரோட்டை விடத் தாழ்வில் ஓடைக்கரையில் இருக்கிறது, இறங்குவது படி வழியாக.

ஹோர்டன் சமவெளி பற்றி அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். உலக முடிவுக்குப் போய் வரும் சுமார் 9 கிலோமீட்டர் வட்டப் பாதை சக்கர நாற்காலிக்கு ஆகாது. கற்கள், அரித்த ஓடைத் தடங்கள், படிகள். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் இன்னும் மோசம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யோசிக்கவும் வேண்டாம். ஆனால் பட்டிப்பொலவிலிருந்து ஒஹியவுக்குப் போகும் வீதி பூங்காவை ஊடறுத்துச் செல்கிறது. நடைபாதை தொடங்கும் இடத்திலுள்ள ஃபார் இன் என்ற கட்டடம் வரை வானில் போகலாம், இருபுறமும் புல்வெளி, காலையில் மரைகள் ரோட்டோரம் நிற்கும். ஃபார் இன் முற்றத்தில் நாற்காலியை இறக்கி அந்தக் காற்றில் இருந்துவிட்டு வருவதே ஒரு நல்ல காலை. 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், விடியலில் குளிர் கடுமை.

எல்லவில் சின்ன சிவனொளிபாதமலை. முன்பாதி தேயிலைக்குள் போகும் அகலமான ரோடு, பிற்பாதி படிக்கட்டு. படி தொடங்கும் முன் நின்றுவிட்டாலும் எதிரே எல்ல மலை முழுவதும் தெரியும். ரோட்டில் இடையிடையே ஏற்றம் உண்டு; சாய்மட்டம் சொன்ன பலகை இங்கே வேலைக்கு வரும்.

ஒன்பது வளைவுப் பாலத்துக்கு (1921) இறங்கும் பாதைகள் மழைக்குச் சேறாகும் சரிவுகள். பாலத்தின் மேல் நாற்காலியைத் தண்டவாளத்தில் தள்ளுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். சல்லிக்கல்லில் சக்கரம் உருளாது, ரயில் வந்தால் விலக இடமில்லை. மேலே ரோட்டோரத்திலிருந்து பாலம் தெரியும் இடங்களில் பார்ப்பதே சரி. எங்கே ரயில் கடவையைக் கடந்தாலும் தண்டவாளத்துக்கு நேர்க்குறுக்காக, முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சின்னச் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் திரும்பிச் சிக்கிக்கொள்ளும்.

ஹப்புத்தளைக்குப் போனால் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடம். தம்பத்தென்ன தொழிற்சாலையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர், ஒடுங்கிய தார் ரோடு, கொண்டை ஊசி வளைவுகள். முழுவதையும் தள்ளுவது ஆகாத வேலை. ஆட்டோவிலோ சிறிய வாகனத்திலோ ஏறி, வளைவுகளுக்கு இடைப்பட்ட மட்டமான துண்டுகளில் இறக்கி 300, 400 மீட்டர் தள்ளுங்கள். தேயிலைக்கு நடுவில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்தத் துண்டுகளே போதும், உச்சிக்குப் போனால்தான் என்றில்லை. வளைவில் உள்விளிம்பு எப்போதும் செங்குத்து. வெளிவிளிம்பால் போங்கள், வாகனம் வருகிறதா என்று இரண்டாமவர் முன்னே போய்ப் பார்க்கட்டும்.

பெக்கோ டிரெயில் என்ற மலையக நெடுநடைப் பாதை பற்றி ஒரு வார்த்தை. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். அதைச் சக்கர நாற்காலிப் பாதை என்று யாரும் அமைக்கவில்லை. ஒற்றையடிப் பாதையும் படியும் வரும். ஆனால் பெரும்பகுதி பழைய தோட்டத்து ரோடுகள். அதன் வரைபடத்தில் உயரக்கோடு மட்டமாக ஓடும் துண்டுகளைத் தேடிப் பிடித்து, வானில் போய் நேரில் அளந்து பாருங்கள். வரைபடத்தில் 10 மீட்டர் நீளக் குறும் ஏற்றம் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண் சரிந்த பிறகு ரோடுகள் பல இடங்களில் உருமாறிவிட்டதால் பழைய படங்களை நம்ப வேண்டாம்.

காலம்: ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அப்போது ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை காய்ந்திருக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் நல்ல மழை. மார்ச், ஏப்ரலில் எங்கும் பின்னேர இடிமழை. பகல் 12 மணிக்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள்.

தேயிலைச்சாரல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பலகை முறை இதுவரை தெரியாது. இன்னும் ரெண்டு கேள்வி. நானுஓயாவுக்கு ரயில்ல போகலாமா, அம்மாவுக்கு ரயில் பிடிக்கும். கிரவல்ல முன் சக்கரம் புதையுறதுக்கு என்ன வழி?

மலைச்சில்லு:

அந்தப் பாதையில் ரயில் ஓடுகிறதென்றால் போகலாம், ஆனால் ஏறுவது தூக்கித்தான். பெட்டியின் தளம் மேடையை விட உயரம், வாசலில் படி, உள்ளே நடைவழி ஒடுக்கம். அம்மாவை இருவர் தூக்க, மூன்றாமவர் நாற்காலியை மடித்து ஏற்ற வேண்டும். தொடங்கும் நிலையத்தில் ஏறுங்கள், அங்கே வண்டி நின்றுகொண்டிருக்கும். இறங்கும் நிலையத்தில் சில நிமிடம்தான், ஆகவே நிலைய அதிபரிடம் முதலே சொல்லி, ரயில் கார்டுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். வலது கையால் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால் வாசல் கம்பி வலப்பக்கம் வரும்படி அம்மாவைத் திருப்பி ஏற்றுங்கள்.

முன் சக்கரத்துக்கு: கிரவல் துண்டு 10 மீட்டருக்குள் என்றால் பின்னால் உள்ள மிதிகம்பியை மிதித்து, நாற்காலியைப் பின்சாய்த்து, பெரிய சக்கரங்கள் இரண்டில் மட்டும் தள்ளுங்கள். அல்லது நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் முன்னால் போவதால் புதையாது. நீண்ட தூரத்துக்கு முன்னால் பொருத்தும் மூன்றாம் சக்கரம் உண்டு. கால்மிதிச் சட்டத்தில் பூட்டினால் இரண்டு சின்னச் சக்கரங்களும் தரையை விட்டு 2, 3 செ.மீ. எழும்பி, 12 இஞ்சிச் சக்கரம் ஒன்று பாரத்தை எடுத்துக்கொள்ளும். வெல்டிங் கடையில் சிறுவர் சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்யலாம் என்பார்கள்.

சாய்மட்டம்:

அந்தக் கடைசி வரிக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். மூன்றாம் சக்கரம் தானாகச் சுழன்று திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும், நிலையாக வெல்ட் வைத்தால் வளைவில் நாற்காலி திரும்பாது. சுழலும் அச்சு செங்குத்தாக நிற்க, சக்கரத்தின் மையம் அதற்குச் சில செ.மீ. பின்னால் வர வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் சக்கரம் படபடவென்று ஆடும். இன்னொன்று, மடக்கு நாற்காலியின் கழற்றக்கூடிய கால்மிதி இந்தப் பாரத்தைத் தாங்கவென்று செய்யப்பட்டதல்ல. முக்கியச் சட்டத்தின் இரண்டு முன்குழாய்களிலும் கிளாம்ப் போட்டு, குறுக்கே ஒரு குழாயைப் பிணைத்து அதில் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால் பின்னோக்கி இழுப்பதே பத்திரம்.

டயருக்கு வருகிறேன். காற்று டயர் என்றால் பிரேக்கும் காற்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இந்த நாற்காலிகளின் பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக் போட்டாலும் சக்கரம் சுழலும். புறப்படும் முன் பிரேக் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். சரிவில் நிறுத்தினால் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கீழே கல் வையுங்கள், நாற்காலியை ரோட்டுக்குக் குறுக்காகத் திருப்புங்கள்.

உதிரி ட்யூப், பம்ப், பஞ்சர் சாமான் எடுத்துப் போங்கள். 24 × 1 3/8 என்று எழுதிய டயர்கள் இரண்டு வெவ்வேறு விட்டங்களில் வருகின்றன. நாற்காலி டயரின் பக்கத்தில் பெரும்பாலும் 37-540 என்றிருக்கும். சைக்கிள் கடையில் 547 ஐத் தந்தால் ட்யூப் சமாளிக்கும், டயர் பொருந்தாது.

பகல்வார்டு:

உடல் சம்பந்தப்பட்டவற்றை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு பலவீனமான பக்கத்தில் உணர்வும் குறைந்திருக்கலாம். இடது கால் கால்மிதியிலிருந்து நழுவி நாற்காலிக்குக் கீழே இழுபட்டால் அம்மாவுக்கே தெரியாமல் கணுக்கால் முறியலாம். கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டியும், குதிகாலைப் பிடிக்க ஒரு வளையமும் கட்டுங்கள். இடது கையை மடியில் தலையணை மேல் வைத்துக் கட்டிவிடுங்கள். தொங்கினால் சக்கரக் கம்பிக்குள் போகும், தோள் மூட்டும் விலகும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

அட்டை. ஈரமான தேயிலையிலும் காட்டோரத்திலும் கட்டாயம் ஏறும். உணர்வில்லாத காலில் ஏறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கவாத நோயாளிகள் பலர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதால் அட்டைக் கடியிலிருந்து நீண்ட நேரம் இரத்தம் வடியும். நீளக் காலுறையை முழங்கால் வரை இழுத்து, வெளிப்புறம் சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை காலையும், போர்வை மடிப்பையும், கால்மிதியின் அடியையும் பாருங்கள். கடித்திருந்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்து, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

சூடான பிளாஸ்க்கையோ சுடுநீர்ப் போத்தலையோ மடியில் வைக்காதீர்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வைப்பதுதான் வழக்கம், ஆனால் உணர்வில்லாத தோல் கொப்பளித்த பிறகே தெரியவரும். தேநீரை வலது கையில், பாதி நிரப்பிய குவளையில் கொடுங்கள். தள்ளுகிறவருக்கு வியர்க்கும், உட்கார்ந்திருப்பவர் உறைவார். உங்கள் உடம்பை வைத்துக் குளிரை மதிப்பிடாமல் அம்மாவின் இடது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து கரடுமுரடில் குலுங்கினால் படுக்கைப் புண் தொடங்கும். மெத்தை இல்லாமல் போகவேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, முன்னால் சாய்த்து, இருபுறமும் மாறி மாறிச் சாய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது பாரத்தை விடுவியுங்கள்.

கழிவறையை முதலே பார்த்து வையுங்கள். பல இடங்களில் குந்தும் வகைதான், கதவும் ஒடுக்கம். நாற்காலியின் மொத்த அகலத்தை அளந்து, அதோடு 10 செ.மீ. சேர்த்த கதவு இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். "வசதி இருக்கா" என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்வார்கள். "கதவு எத்தனை இஞ்சி, எத்தனை படி" என்று கேளுங்கள்.

குளவி. தேயிலை மலையில் குளவிக் கொட்டு எவ்வளவு பயங்கரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்காலியோடு ஓட முடியாது. போகும் மலையில் கூடு இருக்கிறதா என்று அன்று காலை அங்கே கொழுந்து எடுக்கிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய மரத்துக்கும் கற்பாறைக்கும் கீழே ஓய்வுக்கு நிறுத்தாதீர்கள். ஆளை முழுவதும் மூடும் தடித்த போர்வை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்தடிக்கும் நாளா என்றும் தோட்ட ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

கல்தூள்:

மூணாவது கேள்விக்கு வாறேன். முடியும். ஆனா மண்வெட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி கடதாசி வேலை. தோட்டத்து ரோடுன்னா பெரிய துரையிட்ட (தோட்ட மேனேஜர்கிட்ட) எழுத்தில அனுமதி வாங்குங்க, வாய்ப்பேச்சு பத்தாது, துரை மாறினா பேச்சும் மாறும். பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் குடுங்க. முந்தி 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள்ள செலவழிக்க ஏலாதுன்னு சபைகள் கையை விரிக்கும். 2018 இல அது திருத்தப்பட்டாச்சு. கடிதத்தில 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் குறிப்பிடுங்க. கேக்கிறது தயவு இல்ல.

600 மீட்டருக்கும் கிரவல் போடணும்னு நினைக்காதீங்க. 1.2 மீட்டர் அகலம், 75 மி.மீ. கனம்னு போட்டாலே இறுகின பிறகு 54 கன மீட்டர், அதாவது 19 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). லொறியில வர்றது இன்னும் கால்பங்கு கூட வேணும். மட்டமான, கடினமான இடத்தை அப்படியே விடுங்க, துருத்திக்கிட்டு இருக்கிற கல்லை மட்டும் எடுங்க. சேறாகிற இடத்துக்கு மட்டும் ஏபிசி கல்லு (பெரிசும் சிறிசும் கலந்த உடைகல்லு), மேல கல்தூள், தண்ணி தெளிச்சு இடிச்சு இறுக்குங்க. வெறும் சல்லி போட்டா அது உருளும், நாற்காலி புதையும். கல்தூளும் கொஞ்சம் மண்ணும் சேந்தாத்தான் கல்லைப் பிடிச்சு வைக்கும்.

முக்கியம் கான்கள்தான். அதை மூடிட்டு விட்டீங்கன்னா முதல் மழையில ரோடே போயிடும், கீழ இருக்கிற லயத்துக்குள்ள தண்ணி பாயும். கானை மூடக் கூடாது, கடக்கிற மாதிரி ஆக்கணும். ரெண்டு வழி. ஒண்ணு, 9 இஞ்சி ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்) போட்டு மேல கொங்கிரீட். பைப்புக்குள்ள 50க்கு 1 சரிவாவது இருக்கணும், இல்லாட்டி மண்ணு படிஞ்சு அடைக்கும். தேயிலை மலையில குச்சியும் இலையும் வந்து வாயை அடைக்கிறது வழக்கம், மழைக்காலத்தில ஒவ்வொரு கிழமையும் ஆள் பாக்கணும். ஆள் இல்லைன்னா பைப் வேணாம்.

ரெண்டாவது, என் விருப்பம், தட்டு மாதிரி ஆழமில்லாத கொங்கிரீட் கான். ரோட்டு நீளத்துக்கு 2.4 மீட்டர், நடுவில 5 செ.மீ. பள்ளம். ரெண்டு பக்கமும் 1:24 சரிவுதான் வரும், நாற்காலி அலுங்காமப் போகும், தண்ணியும் குப்பையும் தானாப் போயிடும். இதே 5 செ.மீ. பள்ளத்தை 60 செ.மீ.க்குள்ள சுருக்கினா சரிவு 1:6 ஆகி, இறங்கி ஏறுறப்ப கால்மிதி தரையில இடிக்கும். கம்பி வலை போடுறவங்க கம்பியைப் போற திசைக்குக் குறுக்க வைக்கணும், இடைவெளி 13 மி.மீ.க்கு மேல வேணாம்.

அந்த 10 மீட்டர் ஏத்தத்தைப் பலகையில அளந்து சொல்லுங்க. ட்ராக்டர், கொழுந்து லொறி போகுதா?

தேயிலைச்சாரல்:

அளந்தாச்சு. 120 செ.மீ.க்கு 19 செ.மீ. வருது, மொத்த நீளம் 10 மீட்டர். மேலயும் கீழயும் மட்டம். ட்ராக்டர் மட்டும், ஒரு நாளைக்கு மூணு தரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில. ரோட்டு அகலம் 2.4 மீட்டர்.

கல்தூள்:

அப்ப ஏத்தம் 1:6க்குக் கிட்ட, மொத்த உயரம் 1.6 மீட்டர். அதுக்கு மேல கொங்கிரீட் போட்டா வழுக்காத ஆபத்தான ரோடுதான் கிடைக்கும், சரிவு குறையாது. நீட்டணும். கீழ 5 மீட்டர் முன்னாடியே ஏத்தத்தைத் தொடங்கி, மேல 5 மீட்டர் தள்ளி முடிச்சா 20 மீட்டருக்கு 1.6, அது 1:12.5. பழைய ஏத்தம் தொடங்கின இடத்தில 40 செ.மீ. நிரப்பணும், முடிஞ்ச இடத்தில 40 செ.மீ. வெட்டணும். முழு அகலத்துக்கும் ஏறக்குறைய 5 கன மீட்டர் வெட்டு, அதே அளவு நிரப்பு. இறுகினா மண்ணு சுருங்கும், கொஞ்சம் கூடவே தேவைப்படும்.

வெட்டுறது ரோட்டுத் தளத்தை மட்டும். மலைப்பக்கத்துக் கரையில மண்வெட்டி படக் கூடாது. கரையில வெடிப்பு, புதுசா ஊத்து, சாய்ஞ்ச மரம் ஏதாவது தெரிஞ்சா வேலையை நிறுத்தி, மண்சரிவைக் கவனிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்க. நிரப்புற மண்ணை 15 செ.மீ. அடுக்கா, ஒவ்வொரு அடுக்கையும் இடிச்சு இறுக்குங்க. பள்ளப் பக்கம் கல்லு அடுக்கிக் கட்டுங்க. ஒரு மழைக்காலம் அப்படியே விட்டு, ட்ராக்டர் ஓடி அமுங்கினதுக்கு அப்புறம் கொங்கிரீட். அவசரப்பட்டுப் புது மண்ணு மேல போட்டா நடுவில வெடிச்சு ஒரு பக்கம் தாழும். அந்த 2 செ.மீ. விளிம்பு முன் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தப் போதும்.

ட்ராக்டர் போறதால கனம் 15 செ.மீ. வேணும். 1.2 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம்னா 3.6 கன மீட்டர். 1:2:4 கலவைக்கு 50 கிலோ சீமெந்து 23 மூடை, மணல் 0.6 கியூப்புக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் இஞ்சிக் கல்லு 1.2 கியூப்புக்குக் கொஞ்சம் குறைவு. ட்ராக்டரின் ஒரு பக்க டயர் முழுசா கொங்கிரீட் மேல ஓடுற மாதிரி இடத்தைக் குறிங்க. டயர் விளிம்பில ஏறி இறங்கினா விளிம்பு உடையும். 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, இடைவெளி 10 மி.மீ.க்குள்ள. மேல்பக்கத்தைத் தும்புத்தடியால (விளக்குமாறால) குறுக்க கீறி விடுங்க. நாற்காலிக்கு அது அவ்வளவா முக்கியமில்ல, தள்ளுறவங்க கால் வழுக்காம இருக்கத்தான். ஏழு நாள் ஈரச் சாக்கு, அந்த நாள்ல ட்ராக்டர் வேற வழியாப் போகணும், அதையும் துரை தர்ற கடிதத்திலயே எழுதி வாங்குங்க.

சாய்மட்டம்:

அந்த 20 மீட்டரின் நடுவில் ஒன்றரை மீட்டர் மட்டமாக விட முடிந்தால் விடுங்கள், அதற்கேற்ப மேலே ஒன்றரை மீட்டர் நீட்ட வேண்டும். தள்ளுகிறவர் தனியாக இருக்கும் நாளில் அந்த இடம் தேவைப்படும். நிழலில் இருக்கும் கொங்கிரீட்டில் ஆறு மாதத்தில் பாசி பிடிக்கும். கம்பித் தும்பால் மாதம் ஒரு முறை தேய்க்க ஆள் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

தேயிலைச்சாரல்:

மேல 2 மீட்டர் நீட்ட இடம் இருக்கு, ஒரு வாகை மரம் மட்டும் பக்கத்தில.

கல்தூள்:

மரத்தை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி முடிங்க, வேரை வெட்ட வேணாம். வெட்டினா மரம் கரையோட சாயும், வெட்டாம மேல கொங்கிரீட் போட்டா வேர் தூக்கிடும். அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் கொங்கிரீட் இல்லாம கல்தூள் போட்டு இடிங்க. வேர் தூக்கினா அள்ளிட்டுத் திருப்பிப் போடலாம்.

பகல்வார்டு:

மரத்தில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலை தொடங்குங்கள்.